திரைக்குள்ளே ஒரு சங்கம்: தலைமை யார் கையில்?

தோட்டப் பகுதிகளில் கையடக்கத் தொலைபேசி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அது பெரும்பாலும் ஒரே முறைப்பாட்டில் வந்து முடிகின்றது. பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு விளையாட்டிலே மூழ்கிக் கிடக்கின்றார்கள் என்பதே அந்த முறைப்பாடு. பெற்றோரின் இக்கவலை நியாயமானது. எனினும், அந்த விளையாட்டுக்குள்ளே இளைஞர்கள் தமக்குள் நடத்திக்கொண்டிருக்கும் வேறொரு விவாதம் பெரியவர்களின் காதில் விழுவதில்லை. சேர்ந்து விளையாடும் குழுவை யார் நடத்துவது, அதன் விதிகளை யார் வகுப்பது, ஒருவரைக் குழுவிலிருந்து நீக்குவதாயின் யாரைக் கேட்டு நீக்குவது என்பதே அந்த விவாதமாகும். இது வெறும் விளையாட்டுப் பேச்சு என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று. அதிகாரம் யாரிடம் இருக்கின்றது, அதைக் கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற பழைய கேள்வியே இங்கு புதிய உருவில் வந்து நிற்கின்றது.

2020 மார்ச் மாதத்தில் கொவிட் தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் தொலைபேசி வழியாக வந்தது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை தோட்டங்களிலும், மொனராகலை, பிபிலை, படல்கும்புர, பக்கினிகஹவெல போன்ற இடங்களிலும் கடன்பட்டேனும் ஒரு தொலைபேசி வாங்க வேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது. அலைவரிசை கிடைக்காத இடங்களில் பிள்ளைகள் மேட்டுநிலத்தைத் தேடிச் சென்றனர். பாடசாலைகள் மீண்டும் திறந்தன; தொலைபேசி வீட்டிலேயே தங்கிவிட்டது. அதனோடு ‘பப்ஜி’, ‘பிரீ பயர்’ போன்ற, பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளும் தங்கிவிட்டன.

இவ்விளையாட்டுகள் தனியொருவர் ஆடி முடிப்பவை அல்ல. ‘பிரீ பயர்’ விளையாட்டில் ‘கில்ட்’ என்றும், ‘பப்ஜி’யில் ‘கிளான்’ என்றும் அழைக்கப்படும் குழுக்கள் உண்டு. குழுவைத் தொடங்குபவரே அதன் தலைவர். அவரும் அவர் நியமிக்கும் துணைவர்களும் உறுப்பினர்களைச் சேர்க்கலாம், நீக்கலாம். பக்கத்திலே ஒரு வட்ஸ்அப் குழுவும் இயங்கும். ஓரளவு வளர்ந்த குழுக்கள் போட்டிகளை நடத்துகின்றன. நுழைவுக் கட்டணம் அறவிட்டு, அதிலிருந்து பரிசு வழங்கும் வழக்கமும் உண்டு. தலைவர், அங்கத்துவம், பணம், போட்டி, தண்டனை ஆகிய அனைத்தும் இருக்கின்றபோது, அது பெயரில் இல்லாவிட்டாலும் செயலில் ஒரு சங்கம்தான்.

இச்சங்கத்தை நடத்தும் முறை பற்றி விளையாடுவோரிடையே மூன்று விதமான அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. முதலாவது, தொடங்கியவரே தீர்மானிக்க வேண்டும் என்பது. குழுவை உருவாக்கியவர் தனது நேரத்தையும் ரீலோட் பணத்தையும் செலவிடுகின்றார். நள்ளிரவில் எழும் சச்சரவையும் அவரே தீர்க்கின்றார். எனவே இறுதிச் சொல் அவருடையதாகவே இருக்க வேண்டும், பிடிக்காதவர் வெளியேறி வேறு குழுவை அமைத்துக்கொள்ளலாம் என்பது இத்தரப்பின் வாதம். இரண்டாவது, உறுப்பினர்கள் சேர்ந்து விதிகளை வகுத்து, நடத்துபவர்களையும் தெரிவு செய்ய வேண்டும் என்பது. பலர் சேர்ந்து ஆடினால்தானே குழுவுக்குப் பெயர், அப்படியிருக்க ஒருவர் மட்டும் உரிமை கொண்டாடுவது எவ்வாறு என்று இவர்கள் கேட்கின்றனர். மூன்றாவது, இவை அனைத்தையும் விளையாட்டை உருவாக்கிய கம்பனியிடமோ அரசாங்கத்திடமோ விட்டுவிட வேண்டும் என்பது.

இம்மூன்று வாதங்களிலும் ஓரளவு உண்மை உண்டு. இவை உலகில் ஏற்கெனவே பரீட்சித்துப் பார்க்கப்பட்டவை என்பதும் கவனத்திற்குரியது. இணையத்தின் ஆரம்ப காலத்தில், 1990ஆம் ஆண்டில், அமெரிக்காவின் செரொக்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பவெல் கேர்ட்டிஸ் என்பவர் ‘லம்டாமூ’ என்ற கற்பனை உலகத்தை உருவாக்கினார். படம் ஏதுமற்ற, எழுத்துகளால் மட்டுமே ஆன உலகம் அது. அதை நடத்தியவர்கள் ‘மந்திரவாதிகள்’ எனப்பட்டனர். உறுப்பினர்களின் சச்சரவுகளைத் தீர்த்துக் களைத்துப்போன அவர்கள், 1992 டிசம்பரில் இனித் தாம் தொழில்நுட்ப வேலைகளை மட்டுமே கவனிப்பதாகவும், சமூகப் பிரச்சினைகளை உறுப்பினர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும் எனவும் அறிவித்தனர்.

சில மாதங்களிலேயே சோதனை வந்தது. 1993ஆம் ஆண்டில் ஓர் உறுப்பினர் சூழ்ச்சியான ஒரு நிரலைப் பயன்படுத்தி, வேறு உறுப்பினர்களின் பாத்திரங்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாவது போன்று எல்லோர் முன்னிலையிலும் எழுதிக் காட்டினார். பாதிக்கப்பட்டோர் நீதி கேட்டனர். உறுப்பினர்கள் கூடி நீண்ட நேரம் விவாதித்தும் முடிவொன்றை எட்ட முடியவில்லை. முடிவெடுக்கும் முறையே அங்கு வகுக்கப்பட்டிருக்கவில்லை. ஈற்றில் ஒரு மந்திரவாதி தன்னிச்சையாக அந்நபரை நீக்கினார். அதன் பின்னரே மனுச் சமர்ப்பித்து வாக்கெடுப்பு நடத்தும் முறை கொண்டுவரப்பட்டது. அதுவும் நிலைக்கவில்லை. 1996ஆம் ஆண்டில் மந்திரவாதிகள் அதிகாரத்தை மீண்டும் தம் கையில் எடுப்பதாக அறிவித்தனர். தலைவர் விலகிக்கொண்டால் மட்டும் சனநாயகம் தானாக வந்துவிடாது என்பதை இச்சம்பவம் உணர்த்துகின்றது. விதியும், விதியை நிறைவேற்றும் பொறுப்பும் முன்கூட்டியே வகுக்கப்படாவிட்டால், அதிகாரம் திரும்பவும் பழைய கைக்கே போய்ச் சேரும்.

தெரிவு செய்யப்பட்ட சபை ஒன்றைப் பரீட்சித்த விளையாட்டு ‘ஈவ் ஒன்லைன்’ ஆகும். ஐஸ்லாந்தைச் சேர்ந்த சீசீபீ கம்பனி நடத்தும் இவ்விளையாட்டில், கம்பனி ஊழியர் ஒருவர் தான் சார்ந்த அணிக்கு முறைகேடாக அரிய பொருட்களைப் பெற்றுக்கொண்டமை 2007ஆம் ஆண்டில் அம்பலமாகியது. நம்பிக்கையை மீட்பதற்காக 2008ஆம் ஆண்டில் விளையாடுவோர் வாக்களித்துத் தெரிவு செய்யும் ஒன்பது பேர் கொண்ட சபையொன்றைக் கம்பனி அமைத்தது. அச்சபைக்கு இருந்தது ஆலோசனை கூறும் உரிமை மாத்திரமே. 2011ஆம் ஆண்டில், விளையாட்டுக்குள் பொருட்களை உயர்ந்த விலைக்கு விற்கும் கம்பனியின் திட்டத்துக்கு எதிராக விளையாடுவோர் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தபோதுதான், கம்பனி சபை உறுப்பினர்களை அவசரமாகத் தலைநகர் ரெய்க்யாவிக்குக்கு அழைத்துப் பேசியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் கம்பனியின் தலைமை நிர்வாகி பகிரங்கமாக மன்னிப்பும் கோரினார். சபை இருந்ததனால் பேசுவதற்கு ஓரிடம் இருந்தது. கம்பனியைச் செவிசாய்க்க வைத்தது உறுப்பினர்களின் ஒற்றுமையே.

ஆலோசனை கூறும் உரிமை வேறு, அதிகாரம் வேறு என்பதை மலையக மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக்கப்பட்ட சமூகம் இது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. வாக்குரிமை கிடைத்த பின்னரும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அத்தடையை நீக்கும் திருத்தம் 2018ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. பிரதேச சபைக்கு வாக்களித்த தோட்டத் தொழிலாளியின் லயத்துப் பாதைக்கு அச்சபையால் ஒரு சல்லிக்கல்லும் போட முடியாதிருந்த காலம் அது. வாக்கு இருந்தது, அதன் பயன் லயத்தை எட்டவில்லை.

இங்கு இன்னோர் ஒப்புமையும் உண்டு. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் வாழ்பவர் தலைமுறை தலைமுறையாக உழைத்தாலும் அறை அவருடையதாகாது. இணைய விளையாட்டும் ஏறத்தாழ அவ்வாறே. இளைஞன் ஆண்டுக்கணக்கில் ஆடிச் சேர்த்த தரம், பொருட்கள், நட்பு வட்டம் அனைத்தும் கம்பனியின் கணினியில் உள்ளவை. பிடிக்காவிட்டால் வெளியேறலாம் என்ற முதலாம் தரப்பின் வாதம் இந்த இடத்தில்தான் வலுவிழக்கின்றது. வெளியேறுபவர் வெறுங்கையோடு போக வேண்டியிருந்தால், வெளியேறும் உரிமை பெயரளவிலான உரிமையாகவே இருக்கும். தோட்டத்தை விட்டுப் போனால் அறையையும் விட்டுப் போக வேண்டும் என்ற நிலையில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. லயத்து வாழ்க்கையின் துயரத்தையும் விளையாட்டில் ஏற்படும் இழப்பையும் ஒரே தராசில் வைப்பது நமது நோக்கமன்று. இரண்டிலும் அதிகாரம் இயங்கும் விதம் ஒன்றுபோல இருப்பதையே சுட்டிக்காட்டுகின்றோம்.

அப்படியானால் மூன்றாம் தரப்பினர் கூறுவது போன்று கம்பனியிடமே பொறுப்பை விட்டுவிடலாமா? இலங்கையின் அனுபவம் இதற்குச் சாதகமாக இல்லை. 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டி மாவட்டத்தின் வேறு பகுதிகளிலும் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது, வெறுப்பைத் தூண்டும் சிங்கள மொழிப் பதிவுகள் பேஸ்புக்கில் தங்குதடையின்றிப் பரவின. அத்தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டமைக்காக அந்நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. உள்ளூர் மொழியும் சூழலும் அறிந்தவர்கள் போதியளவில் இல்லாத இடத்தில், எது கேலி, எது அச்சுறுத்தல் என்று பிரித்தறிவது எவ்வாறு? சிங்களமும் தமிழும் கலந்து பேசப்படும் மொனராகலை இளைஞர்களின் குழுவில், குரல்வழி உரையாடலில் ஒருவரின் இனத்தையோ மதத்தையோ இழித்துப் பேசினால், தொலைதூரத்திலுள்ள கம்பனியின் அதிகாரிக்கு அது விளங்கப் போவதில்லை. குழுவுக்குள்ளேயே அதைக் கண்டிக்க ஒருவர் வேண்டும்.

கம்பனிகள் தமது வர்த்தக நலனையே முதலில் பார்க்கும் என்பதற்கும் உதாரணங்கள் உள்ளன. 2019 ஒக்டோபரில் ‘ஹார்த்ஸ்டோன்’ போட்டியொன்றின் பின்னர் நடந்த நேர்காணலில் ஹொங்கொங் போராட்டத்துக்கு ஆதரவாகக் குரல் கொடுத்த வீரர் ஒருவருக்குப் பிளிஸார்ட் கம்பனி ஓராண்டுத் தடை விதித்துப் பரிசுப் பணத்தையும் மறுத்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்ததும் பரிசு திருப்பி வழங்கப்பட்டது. தடை ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. இதே கம்பனி 2010 ஜூலையில், தனது கருத்துக்களத்தில் எழுதுவோர் உண்மைப் பெயருடனேயே எழுத வேண்டும் என்று அறிவித்து, சில தினங்களிலேயே அதைக் கைவிட்டது. பெயர் வெளிப்பட்டால் தொந்தரவுக்கு உள்ளாவோம் எனப் பெண்கள் உட்பட ஏராளமானோர் எதிர்ப்புத் தெரிவித்தமையே காரணம். நல்ல நோக்கத்தோடு வகுக்கப்படும் விதிகூட, பாதிக்கப்படக் கூடியவர்களைக் கேளாமல் வகுக்கப்பட்டால் தீங்காகிவிடும்.

விளையாடுவோரையே நீதிபதிகளாக்கும் முயற்சியும் நடந்தது. ‘லீக் ஒப் லெஜன்ட்ஸ்’ விளையாட்டில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘தீர்ப்பாயம்’ முறையில், முறைப்பாட்டுக்குள்ளானவரின் உரையாடலைச் சக விளையாட்டாளர்கள் வாசித்துத் தீர்ப்பு வழங்கினர். அது 2014ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ‘கவுண்டர் ஸ்டிரைக்’ விளையாட்டில் 2013ஆம் ஆண்டு வந்த முறையில், அனுபவமிக்க விளையாட்டாளர்கள் போட்டிப் பதிவைப் பார்த்து ஒருவர் மோசடி செய்தாரா எனத் தீர்மானித்தனர். சான்றைப் பார்த்த பின்னரே தீர்ப்பு என்ற கொள்கை இவற்றின் நற்பண்பாகும். நமது சிறு குழுக்கள் பின்பற்றத்தக்கதும் அதுவே.

அரசாங்கத்தின் தலையீடு பற்றியும் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். அயல்நாடான இந்தியா 2020 செப்டெம்பரில் ‘பப்ஜி மொபைல்’ உட்பட 118 சீனத் தொடர்புடைய செயலிகளைத் தடை செய்தது. 2022 பெப்ரவரியில் ‘பிரீ பயர்’ தடைக்குள்ளானது. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி எடுக்கப்பட்ட இத்தீர்மானங்களில், ஆண்டுக்கணக்கில் குழுக்களைக் கட்டி வளர்த்தவர்களின் குரலுக்கு இடமிருக்கவில்லை. மறுபுறத்தில், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளால் ஏற்பட்ட கடனும் தற்கொலைகளும் தமிழ்நாட்டைச் சட்டம் இயற்றத் தூண்டின. 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை இடைவெளியை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் மாதத்தில் அவ்விதிகளை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் இந்திய மத்திய அரசு பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. உயிரும் பணமும் பறிபோகும் இடத்தில் அரசாங்கம் தலையிட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. நண்பர்களின் குழுவை யார் நடத்துவது என்பது அத்தகைய விடயமன்று.

இலங்கையில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் வெளியிடப்படும் கூற்றுகளை ஆராய ஆணைக்குழுவொன்றை ஏற்பாடு செய்தது. கருத்துச் சுதந்திரத்துக்கு அது அச்சுறுத்தல் என ஊடக அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் கண்டனம் தெரிவித்தன. விளையாட்டுக் குழுவின் சச்சரவுகள் அத்தகைய ஆணைக்குழுவின் வாசலுக்குச் செல்லும் நிலை எவருக்கும் நன்மை தராது. சிறியதைச் சிறிய இடத்திலேயே தீர்த்துக்கொள்ளத் தெரியாத சமூகத்தின்மீது பெரிய அதிகாரம் வந்து அமர்வது வழக்கம்.

இதற்கு நமது விளையாட்டுத் துறையே சாட்சி. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் சங்கங்களின்மீது அமைச்சருக்குப் பரந்த அதிகாரம் அளித்தது. சங்கங்களின் உட்பூசலும் அரசியல் தலையீடும் ஒன்றையொன்று வளர்த்தன. 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமும், அதே ஆண்டு நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் பேரவையும் இலங்கையின் அங்கத்துவத்தை இடைநிறுத்தின. 2024ஆம் ஆண்டு இலங்கையில் நடைபெறவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டி தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. நிர்வாகிகள் மோதிக்கொண்டார்கள், வாய்ப்பை இழந்தவர்கள் இளம் வீரர்கள். இலத்திரனியல் விளையாட்டும் இப்போது அதே பாதையில் கால் வைத்துள்ளது. 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் அது பதக்கத்துக்குரிய போட்டியாக இடம்பெற்றது. நாளை ஊவாவிலிருந்து ஒரு வீரனோ வீராங்கனையோ அத்தகைய மேடைக்குச் செல்ல வேண்டுமாயின், தெரிவு நேர்மையாக நடைபெற வேண்டும். நேர்மைப் பழக்கம் சிறு குழுவிலிருந்தே தொடங்குகின்றது.

இப்பழக்கத்தைக் கற்பிக்கப் புதிய பாடநூல் வேண்டியதில்லை. தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் உண்டு. கோயில் பரிபாலன சபை உண்டு. பள்ளிவாசல் நிர்வாக சபை உண்டு. விளையாட்டுக் கழகமும் இளைஞர் கழகமும் உண்டு. ஆண்டுக்கொரு முறை பொதுக்கூட்டம் கூட வேண்டும், கணக்கு வாசிக்கப்பட வேண்டும், தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு நடைபெற வேண்டும் என்பது படிப்பறிவு குறைந்த மூத்தவர்களுக்கும் தெரிந்த முறை. அம்முறை பல இடங்களில் சீர்கெட்டிருப்பதும் உண்மையே. ஒரே தலைவர் இருபது வருடம் இருப்பதும், கணக்குக் கேட்டவர் விரோதியாக்கப்படுவதும் நாம் அறியாதவை அல்ல. இளைஞர்கள் தமது திரைக் குழுக்களில் அதே தலைமைப் பாணியைப் பின்பற்றுகின்றார்கள் என்றால், அதற்கு முன்னுதாரணமாக இருந்தவர்கள் பெரியவர்களாகிய நாமே.

ஆகவே, தலைவரா அல்லது வாக்கெடுப்பா என்ற சர்ச்சையைவிட முக்கியமானது, எவர் நடத்தினாலும் கடைப்பிடிக்க வேண்டிய குறைந்தபட்ச ஒழுங்கு. விதிகள் எழுத்தில் இருக்க வேண்டும். ஊவாவின் கலப்புக் குழுக்களில் அவை தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். ஒருவரை நீக்குமுன் காரணம் கூறப்பட்டு, அவரது பதிலும் கேட்கப்பட வேண்டும். தலைவரே சம்பந்தப்பட்ட சச்சரவைத் தலைவர் விசாரிக்கக் கூடாது. நுழைவுக் கட்டணம் வாங்கும் போட்டியில் வரவும் செலவும் அனைவருக்கும் காட்டப்பட வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவரிடம் பணம் வாங்குவது முற்றாகத் தவிர்க்கப்பட வேண்டும். பெண்பிள்ளைகளைத் தொந்தரவு செய்பவருக்கும் இனத்தையும் மதத்தையும் இழிவுபடுத்துபவருக்கும் இடமில்லை என்பது முதலாவது விதியாக இருக்க வேண்டும். நோன்பு காலத்து இரவுத் தொழுகையையும் பரீட்சைக் காலத்தையும் கருத்திற்கொண்டு போட்டி நேரம் வகுக்கப்பட வேண்டும். பெரும்பான்மையினரின் வசதியே விதியாகிவிட்டால், சிறுபான்மையினர் வாக்கெடுப்பில் பங்குபற்றியும் பயனில்லை.

நடத்துபவர்களின் பக்கத்து நியாயத்தையும் மறந்துவிடலாகாது. குழுவை நடத்துவது ஊதியமற்ற உழைப்பு. 2024ஆம் ஆண்டில் வர்த்தமானி மூலம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளத்தில் வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளைக்கு ரீலோட் செலவும் சிறியதன்று. குறை கூறுபவர்கள் பலர். பொறுப்பை ஏற்க முன்வருபவர்கள் சிலர். உரிமை கேட்கும் உறுப்பினர்கள் முறைவைத்து வேலையையும் பகிர்ந்துகொண்டால், தலைமை தானாகவே சுழலும். லம்டாமூவின் மந்திரவாதிகள் களைத்துப் போனமைக்கும் சுமை சிலரின் தோளில் மட்டும் இருந்தமை ஒரு காரணமாகும்.

பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளிடம் “எவ்வளவு நேரம் விளையாடினாய்?” என்று கேட்பதோடு நின்றுவிடாது, “உங்கள் குழுவை யார் நடத்துகின்றார், உன்னை எப்படி நடத்துகின்றார்கள்?” என்றும் கேட்கலாம். முன்னைய கேள்விக்குப் பெரும்பாலும் பொய்யே பதிலாக வரும். பின்னைய கேள்விக்குப் பிள்ளை மனந்திறந்து பேசக்கூடும். பணம் இழந்த கதையும், அவமானப்பட்ட கதையும், நியாயத்துக்காக வாதாடிய கதையும் அப்போதுதான் வெளிவரும். தோட்டத்து விளையாட்டுக் கழகங்களும் பாடசாலை மாணவர் மன்றங்களும் இக்குழுக்களை அந்நியமாகப் பாராது, கூட்டம் நடத்தும் முறையையும் கணக்கு வைக்கும் முறையையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க முன்வர வேண்டும். காரணம் கூறாமல் எவரையும் நீக்கலாகாது என்பதைப் பதினாறு வயதில் தனது விளையாட்டுக் குழுவில் கற்றுக்கொண்ட ஒருவர், நாளை தொழிற்சங்கத்திலும் பிரதேச சபையிலும் அதையே எதிர்பார்ப்பார். அந்த எதிர்பார்ப்பு ஊவாவின் தமிழ், முஸ்லிம் இளைஞர்களிடம் வளர்வதே இன்றைய தேவையாகும்.